டி டிரைவில் பத்திரமாக இருந்தது

டிக்... டிக்... டிக். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடியும் டிக்... டிக். பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ விரல் நகத்தால் கதவைத் தட்டுகிற மாதிரி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பிழைப்பில் இந்தச் சத்தத்தை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். ஹார்டு டிஸ்க் சாகப் போகிறது என்று அர்த்தம். எங்கே கேட்டாலும் ஒரு நொடி எங்கள் ஒத்தக்கடை வீட்டு முன்னறை எனக்குள் வந்து போகும். அன்றைக்குக் காலை மதினி ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாப்பாவுக்கு ஊட்டிய இட்லித் தட்டோடு நின்றிருந்தாள். "என்னடி இது, பெட்டிக்குள்ள பல்லி பூந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தாள். நிரந்தர வேலை இல்லை, வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. முனைவர் பட்டம் வாங்கினால்தான் நிரந்தரம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அதற்காக அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் கண்மாய்ப் பாசி. சிரிக்காதீர்கள், நாங்களும் சிரித்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மேலூர் ரோட்டில் பஸ் ஏறிப் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, குப்பியில் மொண்டுகொண்டு வருவாள். மாடு குளிப்பாட்டுகிறவர்கள், "ஏத்தா, இம்புட்டுத் தண்ணி கெடக்கு, அந்தத் துளியூண்டு குப்பிய வச்சு என்ன செய்யப் போற?" என்று கேலி பண்ணுவார்கள். "காய்ச்சிக் குடிக்கப் போறேண்ணே" என்பாள் இவளும் சளைக்காமல். மழை பொய்த்துக் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்த வருடமும் போனாள். அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்தபோதும் போனாள். காய்ந்த மண்ணுக்குள் செத்த மாதிரிக் கிடந்த பாசி எப்படி மறுபடி உயிர் பிடித்து வருகிறது என்பதுதான் அவளுடைய ஐந்தாம் அதிகாரம். அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற நான்கையும் எழுதினேன் என்று வாய்விட்டே சொல்வாள்.

பாப்பா பிறந்ததில் வேலை பின்தங்கிப்போனது. பல்கலைக்கழகத்தில் ஒரு முறை காலம் நீட்டித்துக் கொடுத்தார்கள், இனிமேல் முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டை அச்செடுத்து, அட்டை போட்டுக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. முதல் நான்கு அதிகாரங்களும் வழிகாட்டி திருத்திக் கொடுத்த தாள்களாகக் கையில் இருந்தன. ஐந்தாவதும் முடிவுரையும் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தன. கண்மாயில் எடுத்த குறிப்புகள் வீட்டில் இருந்தன, ஆனால் அவற்றைக் கணக்குப் போட்டு அட்டவணையாக்கி எழுத அவளுக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. டிக் சத்தம் கேட்டது புதன்கிழமை காலை.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த அண்ணன், டவுனில் ஒரு தம்பியிடம் சொல்லி உதிரி பாகங்கள் வாங்கி அசெம்பிள் பண்ணினான். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது, இதுக்கும் ரெண்டு சொட்டுப் போடுங்க சாமி என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் தீர்த்தத்தை ஓங்க, நான் பாய்ந்து துண்டை எடுத்து மூடினேன். அசெம்பிள் பண்ணிய தம்பி போகும்போது ஒரு வேதவாக்குச் சொல்லிவிட்டுப் போனான். "முக்கியமானதையெல்லாம் டி டிரைவ்ல போட்டுருங்க சார். சி போனாலும் டி போகாது." அவன் சொன்னது பொய்யும் இல்லை. வைரஸ் வந்து கம்ப்யூட்டர் படுக்கும்போதெல்லாம் அவனே வந்து சி டிரைவை அழித்துப் புதிதாக்குவான், டி டிரைவில் இருந்தது அலுங்காமல் குலுங்காமல் அப்படியே இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் டி டிரைவ் என்றால் இரும்புப் பெட்டி. மதினி தினமும் எழுதி முடித்ததும் சி-யில் ஒன்று, டி-யில் ஒன்று என்று சேமித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஃப்ளாப்பியை அவள் நம்பவில்லை. ஒரு தடவை ஃப்ளாப்பியில் பூஞ்சை பூத்துவிட்டது. "பாசிக்காரி வீட்டுல பூஞ்சைக்கு என்னடி வேலை?" என்று தூக்கி எறிந்தாள். ஒரு சிடி-யில் போட்டு வைங்க மதினி என்று பழங்காநத்தத்திலிருந்து வரும்போதெல்லாம் கத்துவேன். அங்கே அறை எடுத்துத் தங்கி ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். "அதான் டி-ல இருக்குல்ல" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

அன்றைக்கு அண்ணன் போன் பண்ணியதும் கடையில் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாக நின்று, தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி காட்டியது. அண்ணன் அதற்குள் முடிவே கட்டிவிட்டான். "வைரஸ்தான். தம்பிய வரச் சொல்லி ஃபார்மட் அடிச்சுட்டா சாயங்காலம் ஓடிரும்" என்று போனைக் கையில் எடுத்தான். "அண்ணே, மரியாதையா போனைக் கீழ வை" என்று நான் போட்ட சத்தத்தில் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். பெட்டியைக் கழற்றி, பட்டை ஒயரை மாற்றிப் பார்த்தேன். கரண்ட் ஒயரை மாற்றிப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயர் ஒரு தடவை திரையில் தெரிந்தது, அடுத்த தடவை தெரியவில்லை. ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரையே தூக்கி வந்து, அதில் இந்த டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டினேன். அங்கேயும் அதே டிக் டிக். "மந்திரிச்ச பெட்டிக்கே இந்தக் கேடா!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மதினி மட்டும் பதறவில்லை. தலையைச் சீவிக்கொண்டே வந்து, "சி போனாப் போகட்டும்டி. டி-ல இருந்து எடுத்துக் குடு, நான் பிரிண்ட் போடப் போறேன்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் ஒளிக்கவும் முடியாது. "மதினி, ஒரே வீட்டுக்குள்ள நடுவுல ஒரு சுவரை எழுப்பி, இது முன்கட்டு, அது பின்கட்டுன்னு சொல்றோம்ல? சி-யும் டி-யும் அந்த மாதிரிதான். வீடு ஒண்ணுதான். இப்ப வீடே விழுந்துக்கிட்டு இருக்கு." சீவின கை அப்படியே நின்றது. "ரெண்டும் ஒண்ணா?" "ஒண்ணுதான் மதினி." "தினமும் ரெண்டு எடத்துல போட்டேனேடி." அண்ணன் குறுக்கே வந்தான். "அவ சும்மா பயமுறுத்துறா. எம்புட்டுத் தடவை ஃபார்மட் அடிச்சிருக்கோம், டி-க்கு என்னைக்காச்சும் ஒண்ணு ஆயிருக்கா?" என்றான். அது வேற, இது வேற என்று நான் இரண்டு தடவை சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வாரேன் என்று கிளம்பிவிட்டான்.

செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கை நன்றாகக் குளிர வைத்து மாட்டினால் சில சமயம் கொஞ்ச நேரம் ஓடும். ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எடுத்ததுதான் மிச்சம், மறுபடி ஓடுமா என்பது உறுதி இல்லை. எங்கள் தொழிலில் கடைசிக் கை அதுதான். டிஸ்க்கைப் பாலிதீன் பையில் இறுகச் சுற்றி, ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். குளிரட்டும் என்று காத்திருந்த நேரத்தில் மதினியிடம், எது முதலில் என்று இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மொதல்ல அஞ்சு. அப்புறம் முடிவுரை. அப்புறம் பாப்பா போட்டோ." போட்டோ என்றபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் கொண்டு வந்து கொடுத்த டிஜிட்டல் கேமராவில், பாப்பா பிறந்த நாளிலிருந்து அண்ணன் எடுத்துத் தள்ளிய படங்கள் அவை. ஒன்றைக்கூடப் பிரிண்ட் போடவில்லை, அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல என்று.

அண்ணன் திரும்பி வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. டிஸ்க்கை எடுத்து மாட்டி, சுற்றிலும் ஐஸ் கட்டிப் பைகளை அணைத்து வைத்துச் சுவிட்சைப் போட்டேன். நாங்கள் நான்கு பேரும் குனிந்து காது கொடுத்தோம். டிக் இல்லை. சன்னமாக ஒரு ரீங்காரம். திரையில் ஒவ்வொன்றாக ஃபைல் பெயர்கள் வந்தன. மதினி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. மவுஸைக் கையில் எடுத்தேன். கரண்ட் போய்விட்டது.

அந்த நாட்களில் ஒத்தக்கடையில் கரண்ட் போவது காக்கா கத்துகிற மாதிரி, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு நான் மின்வாரியத்தைத் திட்டிய திட்டை எழுத முடியாது. வீட்டு யுபிஎஸ் எப்போதோ செத்துப்போயிருந்தது. படி எடுக்கிற பாதியில் இன்னொரு தடவை கரண்ட் போனால் டிஸ்க் அவ்வளவுதான். கடைக்குப் போய் நல்ல யுபிஎஸ் ஒன்றைத் தூக்கி வருவதைத் தவிர வழியில்லை. "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடக் கூடாது. கரண்ட் வந்தாலும் தொடக் கூடாது" என்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மொபெட்டை எடுத்தேன். அம்மா மதினியையும் கிளப்பிவிட்டாள். "சும்மா உக்காந்து என்ன செய்யப் போற? போற வழியில அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வா. தொலைஞ்சதெல்லாம் அவருதான் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு." "இன்னும் தொலையலையே அத்தை, உள்ளதான இருக்கு" என்றாள் மதினி. ஆனாலும் வந்து ஏறிக்கொண்டாள், அந்த அறையில் உட்கார முடியாமல்தான்.

அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய், யுபிஎஸ்ஸைக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து ஏற்றிக்கொண்டேன். எம்புட்டுத் திரி ஏத்துனீங்க என்று கேட்டேன். "ஒண்ணுதான். அஞ்சாவது அதிகாரத்துக்கு. அவருக்குப் பாசின்னா என்னன்னு வெளக்கவே நேரமாயிருச்சு" என்றாள். அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் ரோட்டில் சிரித்தோம். யானைமலை கண்ணில் படுகிற இடத்தில் டீக்கடை ரேடியோ திடீரென்று பாடியது. "கரண்ட் வந்துருச்சுடி, வேகமாப் போ" என்று என் முதுகில் தட்டினாள். வண்டியை முறுக்கினேன்.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். இடுப்பில் பாப்பா, முகமெல்லாம் பல். "வாங்க வாங்க! பாப்பா போட்டோ அம்புட்டும் வந்துருச்சு! ஒண்ணு விடல!" என்றான். எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அப்புறம் ஜன்னல் வழியாக அது கேட்டது. டிக்... டிக்... டிக். யுபிஎஸ்ஸைத் திண்டாடித் தூக்கிக்கொண்டிருந்த நான் அதை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஐஸ் கரைந்து மேசையெல்லாம் தண்ணீர். திரை உறைந்து நின்றது. கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்திருக்கிறான், டிஸ்க் தெரிந்திருக்கிறது. "மறுபடி போயிரும்டா, புள்ள படத்தை எடுத்துரு" என்று அம்மா பின்னாலிருந்து சொல்லியிருக்கிறாள். மளமளவென்று எடுத்திருக்கிறான். கடைசிப் படம் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சத்தம் ஆரம்பித்திருக்கிறது.

மதினி மேசைக்குப் பக்கத்தில் வந்து டிஸ்க்கின் மேல் விரலை வைத்தாள். சூடாக இருந்திருக்கும், எடுத்துக்கொண்டாள். "அஞ்சாவது?" என்றாள். "போட்டோ ஒரு எடத்துலதான கெடந்துச்சு. அது டி-லயும் இருக்குல்ல. அது எங்க போகப் போகுது? இனி இவ ஆற அமர எடுக்கட்டும்" என்றான் அண்ணன். சொல்லிக்கொண்டு வரும்போதே எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். காலையில் நான் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். பாப்பாவை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அவனைக் கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "புள்ள படத்தைத்தான எடுத்தான், கொலையா பண்ணிட்டான்?" என்று அம்மா என் மேல் பாய்ந்தாள். எல்லோரும் கத்தினோம். மதினி ஒருத்திதான் கத்தவில்லை. "அத்தை, பாப்பா சாப்பிடலை போல, பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி ஃப்ரீசர், மறுபடி ஐஸ், வேறு ஒயர், வேறு பெட்டி. அன்றைக்கும் அடுத்த நாளும் நான் பார்க்காத வேலை இல்லை. டிஸ்க் அதற்குப் பிறகு பெயரைக்கூடக் காட்டவில்லை. அண்ணன் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சென்னைக்குப் போனான், உள்ளே எழுத்தெல்லாம் பதிகிற தட்டே உரிந்துபோய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதினி வழிகாட்டியோடு பல்கலைக்கழகத்துக்குப் போய் நின்றாள். விதி விதிதான் என்றார்கள். பதிவு ரத்தானது. மறுபடி முதலிலிருந்து பதிந்து செய்யலாமே என்று நான்தான் நச்சரித்தேன். "கண்மாய் மறுபடி காயணும்டி, மறுபடி நெறையணும். அதுக்கு நான் மனுப் போட முடியுமா?" என்றாள். பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள், அம்மா படுக்கையில் விழுந்தாள், அப்படியே போய்விட்டது. நிரந்தர இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. மதினி பாடம் நடத்திய பிள்ளைகளே பட்டம் வாங்கி வந்து அவளுக்குத் துறைத்தலைவியாக உட்கார்ந்தார்கள். கடைசி வரைக்கும் அவள் தற்காலிகம்தான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. தெரியாமத்தான செஞ்சேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், அது உண்மையும்கூட. ஆனால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சொந்த அண்ணன்தான், இருந்தாலும் சொல்கிறேன், ஆறவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படங்களைக் காட்டுவான். "எல்லாம் போயிருக்க வேண்டியது, எப்படிக் காப்பாத்துனேன் தெரியுமா?" என்று தொடங்குவான். மதினி எழுந்து காபி போடப் போய்விடுவாள். அவளுக்குப் படங்கள் மேல் கோபம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பாப்பாவுக்குக் கல்யாணம். ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து அந்தப் படங்களை ஓடவிட்டார்கள். பல் முளைக்காத சிரிப்பு, தொட்டில், முதல் பிறந்தநாள் கேக். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் அடடா என்றது. மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், நானும் துடைத்தேன், பொய் சொல்வானேன். முன்வரிசையில் மதினி எனக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒரு படம் வந்தது. பாப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மேசை, மேசை மேல் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருக்கிறது. திரையில் ஒரு பக்கம் முழுக்க எழுத்து, கீழே ஒரு அட்டவணை. அத்தனை பெரிதாக்கியும் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை, வெறும் சாம்பல் வரிகள். மதினி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை. அடுத்த படம் வந்த பிறகும் அப்படியே சாய்ந்திருந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொள்ளவிட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவில், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"மொதல்ல அஞ்சுன்னு உங்கிட்டச் சொன்னேன்தான். ஆனா அன்னைக்கு அந்தத் திரைக்கு முன்னால நிக்க வச்சு, எது வேணும்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போட்டோவையே எடுங்கன்னு நானே சொன்னாலும் சொல்லியிருப்பேன்டி" என்றாள். "கேக்கலையே."